ஆத்தா பேசிய கசெட்

எண்பதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலைநாட்டில், கந்தப்பளையிலும் அதைச் சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களிலும் சத்தம் என்றால் அது சிறிலின் சத்தம்தான். கலியாணமானாலும் மாரியம்மன் திருவிழாவானாலும் அந்தோனியார் பவனியானாலும் மே தினக் கூட்டமானாலும் அவனுடைய குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். கடைவீதியில் முடிவெட்டும் கடைக்கு அடுத்த கதவு அவனுடையது. ‘சிறில் சவுண்ட் சேர்விஸ்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் பலகை தொங்கும். கடையின் முன்பாதி சிறிலுக்கு. பின்பாதியில் அவன் மனைவி ஐவி தையல் மெஷின் போட்டு, தோட்டத்துப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள்.

அவன் பிறந்தது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில்தான். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பக்கம் வேலை செய்தவர். மகன் மலையேறி மூட்டை தூக்கக் கூடாது என்று ஹற்றனில் ஒரு ரேடியோ கடையில் வேலை பழக விட்டார். அங்கே சிறில் கற்றது பாதி, கற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டது மீதி. ஆனாலும் கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிற ரேடியோவை இரண்டு தட்டுத் தட்டிப் பாடவைப்பான். பாடாவிட்டால் பழி ரேடியோவின் மேல் போகும், அதைச் செய்த கம்பெனியின் மேல் போகும், மின்சாரத்தின் மேல் போகும். தன் மேல் பழி போட்டுக்கொள்ளும் வழக்கம் மட்டும் அவனுக்கு இருந்ததில்லை.

அவனிடம் ஏகப்பட்ட கசெட் இருந்தது. ஒன்றிலாவது எழுத்து இருக்காது. பக்திப் பாட்டு எது, சினிமாப் பாட்டு எது, தபசுக்காலத்து ஒப்பாரிப் பாட்டு எது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஐவி அப்படியில்லை. ஒரு சட்டைத் துணி வந்தால் அதில் பேர் எழுதிய காகிதத்துண்டைக் குண்டூசியால் குத்திவிட்டுத்தான் மடித்து வைப்பாள். கசெட்டிலும் அப்படி எழுதி வைக்கலாமே என்று அவள் சொன்னபோது, எல்லாம் தன் மண்டையில் இருப்பதாகச் சிறில் சொன்னான். “மண்டைக்குத் தடுமல் புடிச்சா என்னாங்க செய்வீங்க?” என்று கேட்டுவிட்டு அவள் மெஷினை மிதித்தாள்.

தடுமல் பிடிக்கத்தான் செய்தது. ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம், நாதஸ்வரம் வரவேண்டிய குழாயில் பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டு வந்தது. சிலுவையடியில் மாதா அழுகிற பாட்டு. பெண்ணின் அப்பா சைவக்காரர். அவரும் அழுதுவிட்டார், ஆனால் வேறு காரணத்துக்காக. சிறில் அன்றைக்குக் குற்றத்தை மூக்கடைப்பின் மேல் போட்டான். அதற்குப் பிறகும் அவன் ஒரு கசெட்டிலும் பேர் எழுதவில்லை.

இந்த நிலையில்தான் ஐவியின் தம்பி அபுதாபியிலிருந்து வரும்போது ஒரு டேப் ரெக்கோடர் கொண்டுவந்து மச்சானுக்குக் கொடுத்தான். பளபளவென்று இருக்கும். பாட்டும் போடலாம், மைக்கைச் சொருகிப் பேச்சைப் பதியவும் செய்யலாம். சத்தம் கூடினால் குறைந்தால் காட்டுவதற்கு ஒரு சின்ன ஊசி கண்ணாடிக்குப் பின்னால் ஆடும். பதிவதற்கு ஒரு சிவப்புப் பொத்தான். கூடவே தடித்த புத்தகம் ஒன்றும் வந்தது, எதை எப்படிச் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று படம் போட்டு. சிறில் அதை ஒரு தடவை புரட்டினான். தையல் மெஷினின் ஒரு கால் நெடுநாளாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்குச் சரியான கனமாக இருந்ததால் புத்தகம் அங்கே போய்ச் சேர்ந்தது.

ரெக்கோடர் வந்த பிறகு சிறிலின் நடையே மாறிவிட்டது. கடைக்கு யார் வந்தாலும் அவர்களைப் பேசவைத்து, பேசியதைப் போட்டுக் காட்டுவான். தங்கள் குரலைக் கேட்டுப் பாதிப் பேர் இது நானில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். ஐவி மட்டும் அந்த மைக்கின் முன்னால் வாய் திறக்க மறுத்துவிட்டாள்.

அந்த வருஷம் சங்குமலைத் தோட்டத்தில் ஒரு பெரிய வில்லங்கம். மழைக்கு மண் சரிந்து பழைய மாரியம்மன் கோயில் பள்ளத்தோடு போய்விட்டது. சிலையை மட்டும் காப்பாற்றினார்கள். புதுக் கோயில் கட்ட ஓர் இடம் எடுத்துக்கொள்ளத் தோட்டத்தை நடத்தும் தொரை அனுமதி கொடுத்தார், ஒரே ஓர் இடம். தோட்டத்திலோ மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. மேல்கணக்கின் தலைவர் சின்னராசா, கோயில் தங்கள் லயத்துக்குப் பக்கத்தில்தான் வரவேண்டும் என்றார். கீழ்க்கணக்கின் இராமையா கங்காணி, ஆத்தா மேட்டில் ஏறிக் குளிரில் நடுங்க மாட்டாள், கீழேதான் வருவாள் என்றார். பேச்சு முற்றி, இரண்டு பக்கமும் நடுவில் மலைத்தண்ணீர் வந்து விழும் ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட முகம் பார்க்காமல் போனார்கள்.

கடைசியில் ஆத்தாவையே கேட்டுவிடுவது என்று முடிவானது. திருவிழாவில் மாயாண்டிக்கு அருள் வந்து அம்மன் வாக்குச் சொல்லுவது வழக்கம். மாயாண்டி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், சின்ன உடம்பு, பேசினால் பக்கத்திலிருப்பவருக்கே கேட்காது. அருள் வந்தால் மலை அதிரும். ஆனால் தப்பும் உடுக்கும் குலவையும் சேர்ந்த சத்தத்தில் அம்மன் என்ன சொன்னாள் என்பதில் ஒவ்வொரு வருஷமும் சண்டை வரும். இந்த வருஷம் சண்டை வந்தால் மண்டை உடையும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் சின்னராசா ஒரு யோசனை சொன்னார். கந்தப்பளைச் சிறிலிடம் பேச்சைப் பிடிக்கிற மெஷின் இருக்கிறது, ஆத்தாவின் வாக்கை அதில் பிடித்துவிட்டால் யாரும் மாற்றிப் பேச முடியாது. சிறில் மேல்கணக்குமில்லை, கீழ்க்கணக்குமில்லை, மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரன் வேறு. இராமையா கங்காணிக்கும் அது சரியாகப் பட்டது.

சிறிலுக்குத் தரையில் கால் பாவவில்லை. குழாய் கட்டப் பலபேர் இருக்கிறார்கள். மாரியம்மனையே பதிகிறவன் இலங்கையில் யார் இருக்கிறான் என்று ஐவியிடம் கேட்டான். புதுக் கசெட் ஒன்று வாங்கினான். இன்னொன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஐவி சொன்னாள். ஒரு கசெட்டுக்கு இரண்டு பக்கம் இருக்கிறதே என்று அவன் விளக்கம் கொடுத்தான்.

திருவிழா அன்றைக்குக் கரகத்தைப் பூவால் சோடித்துப் பாலித்து எடுத்து வந்தார்கள். மாயாண்டிக்கு அருள் வந்தது. ஆத்தா வாக்குச் சொல்லும்போது குழாய் கத்தக் கூடாது என்பதால் அதை நிறுத்திவிட்டு, சிறில் ரெக்கோடரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாயாண்டியின் வாய்க்கு நேராக மைக்கை நீட்டினான். சின்னராசாவும் இராமையாவும் ஒன்றாகச் சேர்ந்து, ஆத்தா உனக்குக் கோயில் எங்கே வேண்டும், மேலேயா கீழேயா என்று கேட்டார்கள். மாயாண்டி கண்ணை உருட்டி, தலைமுடியைச் சிலுப்பி, ஏதோ சொன்னார். உடனே இரண்டு பக்கமும் “கேட்டீங்களா, கேட்டீங்களா” என்று ஒரே இரைச்சல். மேலே என்றுதான் ஆத்தா சொன்னாள் என்று இவர்கள், கீழே என்றுதான் சொன்னாள் என்று அவர்கள். பந்தல் கால் ஒன்று பிடுங்கப்பட்டது. அதற்குமேல் நடக்காமல் கரகம் தூக்கி வந்த மீனம்மாதான் குறுக்கே விழுந்து தடுத்தாள்.

கசெட்டை அப்போதே போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் பாதிப்பேர் குடித்திருந்தார்கள். காப்பு அவிழ்த்து, தலை தெளிந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடிக் கேட்பது என்று பேசினார்கள். அதுவரை அது சிறிலிடம் இருக்க வேண்டும், யாரும் கேட்கக் கூடாது, அவனும் கேட்கக் கூடாது. சிறில் அந்தோனியார் மேல் சத்தியம் செய்தான். இந்தத் தோட்டம் உன்னை நம்புகிறது என்று சின்னராசா சொன்னார். நம்பிக்கை போனால் எந்தத் தோட்டத்திலும் உன் குழாய் ஏறாது என்று இராமையா கங்காணி சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஐவி கேட்ட முதல் கேள்வி, ஆத்தா என்ன சொன்னாள் என்பது. சிறில் யோசித்துப் பார்த்தான். அவனுக்குத் தெரியவில்லை.

“நீங்கதானேங்க மைக்கப் புடிச்சிக்கிட்டு நின்னீங்க?”

“நான் ஊசியப் பார்த்துக்கிட்டு இருந்தேன் ஐவி. ஊசி கூடிப் போச்சுன்னா பதிவு கெட்டுப் போயிரும். அவங்க சொல்றத நான் எதுக்குக் கேக்கணும்? அதான் மெஷின் கேக்குதே.”

நுவரெலியாவில் இரண்டு மெஷின் வைத்திருக்கிற கடையில் கொடுத்து இன்னொரு கசெட்டில் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று ஐவி கேட்டாள். அந்தக் கடைக்காரன் கேட்டுவிடுவானே, சத்தியம் என்னாவது என்றான் சிறில். சத்தியம் ஒரு காரணம். அந்தக் கடைக்காரனைக் கண்டால் அவனுக்கு ஆகாது என்பது உண்மையான காரணம். சரி, கசெட்டை மெஷினிலிருந்து கழற்றிப் பெட்டியிலாவது வையுங்கள் என்று அவள் சொன்னாள். வெளியே எடுத்தால் தொலைந்துபோகும், மெஷினுக்குள் இருப்பதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை என்று அவன் சொன்னான். இப்படிச் சொன்ன மனிதனைத்தான் தோட்டம் முழுவதும் நம்பியிருந்தது.

அந்த வாரத்தின் நடுவில் ராகலையிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் வந்தார். மகளுக்குக் கலியாணம். குழாய் கட்ட வேண்டும், கூடவே கலியாணப் பேச்சுகளைப் பதிந்தும் தரவேண்டும் என்றார். ஆனால் இந்த மெஷினில் பேச்சுத் தெளிவாக வருமா என்று ஒரு சந்தேகம். சிறிலுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மனே பேசின மெஷின் ஐயா இது என்றான். அவர் நம்பாதமாதிரிப் பார்த்தார். சத்தியம் ஒரு பக்கம் இழுத்தது, பெருமை ஒரு பக்கம் இழுத்தது. பெருமைக்குப் பலம் அதிகம். வாக்கு வரைக்கும் போக மாட்டேன், தப்புச் சத்தத்தை மட்டும் காட்டுகிறேன் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு பொத்தானை அழுத்தினான். தப்பு முழங்கியது, குலவை கேட்டது, மேலேயா கீழேயா என்று இரண்டு குரலும் கேட்டன. அந்த இடத்தில் சிறில் சட்டென்று நிறுத்திவிட்டான். சத்தியத்தைக் காப்பாற்றியதில் அவனுக்கே தன் மேல் ஒரு மரியாதை வந்தது.

இது கூட்டத்துச் சத்தம்தானே, ஒரு ஆள் பேசினால் எப்படி இருக்கும் என்று மளிகைக் கடைக்காரர் கேட்டார். இதோ பாருங்கள் என்று சிறில் மைக்கைச் சொருகினான், சிவப்புப் பொத்தானை அழுத்தினான், தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினான். “ஹலோ, ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன், டூ, திரீ. சிறில் சவுண்ட் சேர்விஸ், கந்தப்பளை. கலியாணம், காதுகுத்து, சகல வைபவங்களுக்கும் நாடுங்கள்.”

பிறகு திருப்பி ஓடவிட்டுப் போட்டுக் காட்டினான். மேலேயா கீழேயா என்ற கேள்வி வந்தது. அடுத்ததாக, கணீரென்று, ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங் என்று வந்தது. மளிகைக் கடைக்காரர் முகம் மலர்ந்து, அருமையாக இருக்கிறது என்றார். காதுகுத்து, சகல வைபவங்கள் எல்லாம் வந்து முடிந்து, ஒரு டக்கென்ற சத்தம். அதற்குப் பின்னால் “கேட்டீங்களா, கேட்டீங்களா” என்று கூட்டத்தின் இரைச்சல் தொடங்கியது. அப்போதுதான் சிறிலுக்கு நடந்தது விளங்கியது. மெஷினை நிறுத்தினான். மளிகைக் கடைக்காரர் நாள் குறித்துக் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகப் போனார். சிறில் அப்படியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

ஆத்தா பேசிய இடத்தில் அவன் பேசியிருந்தான். அதுவும் தன் கடைக்கு விளம்பரம் பேசியிருந்தான். தவறிப் போய்விட்டது என்று யார் நம்புவார்கள்? வேதக்காரன் வேண்டுமென்றே அம்மன் வாக்கை அழித்துவிட்டான் என்பார்கள். ஒரு தோட்டத்தில் கிளம்பினால் எல்லாத் தோட்டத்திலும் பரவும். குழாயை விற்றுவிட்டு எங்கே போவது, என்ன தொழில் செய்வது என்று அவன் யோசனை ஓடியது. இனி அந்த மெஷினில் எந்தப் பொத்தானைத் தொட்டாலும் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று பயந்து, அதைத் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தான். ஐவியிடம் இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த நேரம் பார்த்து சின்னராசா வந்தார். டோர்ச் பற்றரி வாங்க வந்ததாகச் சொன்னார். பற்றரியைக் கையில் உருட்டிக்கொண்டே, கசெட்டில் என்ன இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். மேலே என்றுதான் ஆத்தா சொன்னதாக ஊரெல்லாம் அடித்துப் பேசிய மனுசன். “எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு தம்பி. இருந்தாலும் அந்தச் சத்தத்துல…” என்று இழுத்தார். சத்தியம் செய்திருப்பதாகச் சிறில் சொன்னான். அவர் பற்றரியை வாங்காமலே போனார். அடுத்த நாள் இராமையா கங்காணி வந்தார். அவருக்கும் டோர்ச் பற்றரிதான் வேண்டியிருந்தது, அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். ஒருவேளை ஆத்தா மேலே என்று சொல்லியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை மெஷின் வேலை செய்யாமல் போக வழி உண்டா என்றும் கேட்டார். அந்த வழியைத்தான் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லச் சிறிலுக்கு நாக்கு வரை வந்தது.

மாயாண்டியைப் பிடித்தால் வேலை முடிந்துவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. சொன்ன ஆளே இன்னொரு தடவை சொல்லிவிட்டால் போயிற்று. வேலை விட்ட நேரம் பார்த்து லயத்துக்குப் போனான். மாயாண்டி வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று சிறில் சுற்றிவளைத்துக் கேட்டான்.

“எனக்கெப்படித் தம்பி தெரியும்? அன்னிக்கு நான் அங்க இல்லையே” என்றார் மாயாண்டி.

சிறிலுக்கு முதலில் விளங்கவில்லை. மாயாண்டி பொறுமையாகச் சொன்னார். ஆத்தா வந்துவிட்டால் அவருக்கு நினைவு கிடையாது. விழித்துப் பார்க்கும்போது உடம்பு வலிக்கும், சுற்றி நின்று எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். இத்தனை வருஷமாகத் தன் வாயிலிருந்து வந்ததை ஊரெல்லாம் கேட்டிருக்கிறது, அவர் மட்டும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்கப் போகிறோம் என்றுதான் அவர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார். “எங்கம்மாவுக்கும் ஆத்தா வரும். அவங்க கொரலு மாதிரி இருக்குமான்னு ஒரு ஆசை” என்றார். மைக்கில் சும்மா ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன் என்று கேட்க வந்த சிறில், கேட்காமல் திரும்பினான். அவனுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

கடைசி வழியாக, மெஷினைத் தொடாமல், ஆத்தா குரலில் தானே பேசிப் பார்த்தான். கடைக்குப் பின்னாலிருந்த குளிக்கிற அறைக்குள் போய்த் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, “டேய், நான் மாரி வந்திருக்கேண்டா” என்று ஆரம்பித்தான். மேலே என்பதா கீழே என்பதா என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டது வாக்கு. வெளியே ஐவி நின்றுகொண்டிருந்தாள்.

“இதுக்கு ஆத்தா வர மாட்டாங்க. பக்கத்துக் கடைக்காரருதான் வருவாரு” என்றாள். பிறகு என்ன நடந்தது என்று கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கொஞ்ச நேரம் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்து ஓய்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே போய் உள்ளதைச் சொல்லிவிடுவோம், நானும் வருகிறேன் என்றாள்.

பெரட்டுக் களம் நிறைந்திருந்தது. மேல்கணக்கு ஒரு பக்கம், கீழ்க்கணக்கு ஒரு பக்கம். நடுவில் மேசை போட்டு, மஞ்சள் துணி விரித்து, ரெக்கோடர் வைக்க இடம் செய்திருந்தார்கள். முன்வரிசையில் மாயாண்டி தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். சிறில் மெஷினை வைத்தான்.

“கசெட்ட நான் அழிச்சிட்டேங்க” என்றான். “வேணும்னு செய்யல. ஆனா சத்தியத்த மீறி இன்னொருத்தருக்குப் போட்டுக் காட்டினேன். அதுலதான் அழிஞ்சிச்சு. ஆத்தா சொன்ன எடத்துல என் பேச்சுதான் இருக்கு.”

களம் கொதித்தது. ஆத்தா மேல்கணக்கைச் சொன்னதால்தான் கீழ்க்கணக்கு ஆட்கள் இவனைப் பிடித்து அழிக்கவைத்தார்கள் என்று சின்னராசா கத்தினார். இல்லை, கீழ்க்கணக்கைச் சொன்னதால் மேல்கணக்கு செய்த வேலை என்று இராமையா கத்தினார். கோபத்தில் கத்தினாலும் இரண்டு பேர் முகத்திலும் ஒரு பெரிய சுமை இறங்கின தெளிவு இருந்ததைச் சிறில் பார்த்தான். கூட்டத்துக்கு அந்தத் தெளிவு இல்லை. வேதக்காரன் குழாயை உடைக்க வேண்டும் என்று ஒரு குரல். இவனை இந்த மலையிலேயே ஏறவிடக் கூடாது என்று இன்னொரு குரல். ஐவி சிறிலின் சட்டையைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது மாயாண்டி எழுந்தார். அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை, கையைத் தூக்கியதால் அமைதியானார்கள். “இருக்கிறதயாச்சும் போடுங்க தம்பி. நான் கேக்கணும்” என்றார்.

சிறில் போட்டான். தப்பு முழங்கியது. உடுக்கும் குலவையும் கேட்டன. சின்னராசாவும் இராமையாவும் மேலேயா கீழேயா என்று கேட்டார்கள். ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங் என்றது மெஷின். சிறில் சவுண்ட் சேர்விஸ், கந்தப்பளை என்றது. மீனம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்தாள், தோள் குலுங்கியது. பக்கத்திலிருந்த பெண்களும் அடக்கிப் பார்த்தார்கள். காதுகுத்து என்று வந்தபோது களம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. அடிக்க வந்தவர்களும் சிரித்தார்கள். சிறில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

டக்கென்ற சத்தம் வந்தது. பின்னால் கூட்டத்தின் இரைச்சல். சிறில் நிறுத்தப் போனான். மாயாண்டி வேண்டாம் என்று கைகாட்டினார். இரைச்சலுக்கு அடியில், மைக்குக்கு மிகப் பக்கத்தில், ஒரு குரல் இருந்தது. கரகரவென்று, களைத்துப்போய், ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல்.

“தண்ணி… தண்ணி குடுங்கடா… நாக்கு வரளுது… யாராச்சும் ஒரு வாய்த் தண்ணி குடுங்கடா…”

கேட்டீங்களா, கேட்டீங்களா என்று அதற்கு மேலே கூட்டம் இரைந்தது. அந்தக் குரல் மறுபடி தண்ணி என்றது. உடனே சிறிலின் குரல் வந்தது, இந்தத் தடவை விளம்பரமில்லை. திருவிழா அன்றைக்கு அங்கே நின்று பேசிய குரல், எரிச்சலோடு. “கொஞ்சம் தள்ளிப் பேசுங்க, ஊசி கூடிப் போகுது.”

அதற்குப் பிறகு பந்தல் கால் பிடுங்கும் சத்தம்தான் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிறிலுக்கு முகம் எரிந்தது. அத்தனை கூட்டத்தில் அந்த வாய்க்கு அவன்தான் பக்கத்தில் நின்றவன். காப்புக் கட்டிய நாளிலிருந்து விரதம் கிடந்த மனுசன் கேட்டாரோ, ஆத்தா கேட்டாளோ, கேட்டது அவனிடம்தான். அவன் தள்ளிப் பேசச் சொல்லியிருக்கிறான். கசெட்டை அழித்தது இதற்குப் பக்கத்தில் ஒன்றுமேயில்லை என்று அவனுக்குப் பட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மாயாண்டியிடம் சொன்னான். மாயாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்கம்மா கொரலுதான் தம்பி” என்றார்.

மீனம்மா எழுந்து பீலிக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். மாயாண்டி அண்ணாந்து குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை மேல்கணக்கும் கீழ்க்கணக்கும் பார்த்துக்கொண்டே இருந்தன. சின்னராசா இராமையாவைப் பார்த்தார். இராமையா பீலி இருக்கிற பக்கம் பார்த்தார். அது மேலேயுமில்லை, கீழேயுமில்லை, நடுவில். “தண்ணிக்குப் பக்கத்துல வச்சிட்டா ஆத்தாவுக்கு இந்தக் கஷ்டம் வராது” என்று இராமையா சொன்னார். தான் சொல்ல நினைத்ததை அவர் முந்திச் சொல்லிவிட்டார் என்று சின்னராசாவுக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனாலும் சரி என்றார்.

சிறில் மெஷினைத் துவாயில் சுற்றினான். தன்னைப் பற்றி இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று கூட்டத்தை ஓரக்கண்ணால் பார்த்தான். அடுத்த திருவிழாவுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தானே சொல்லிவிடலாமா என்று யோசித்தான். அதற்குள் மீனம்மா வெறும் செம்போடு அவன் முன்னால் வந்து நின்றாள்.

“கொழாய் கட்ட நீங்களே வாங்க. வரும்போது காதையும் கொண்டாங்க” என்றாள்.

புதுக் கோயில் பீலிக்குப் பக்கத்தில் எழும்பி, அடுத்த திருவிழா வந்தது. சிறிலின் குழாய்தான் மரத்தில் ஏறியது. மாயாண்டிக்கு அருள் வந்த நேரம் அவன் மைக்கை ஐவியின் கையில் கொடுத்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரோடு ஆத்தாவுக்குப் பக்கத்தில் போய் நின்றான். ஆத்தா இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். அந்த வருஷம் என்ன வாக்குச் சொன்னாள் என்று இரண்டு கணக்கு ஆட்களும் சிறிலிடம்தான் வந்து கேட்டார்கள். அவன் ஒரு சொல் விடாமல் சொன்னான். கசெட்டைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.